பங்கும் உரிமையும்: பன்னாட்டு ஆவணங்களில் பெண்டிரும் இயற்கையும்

இயற்கையைத் தாயாக உருவகித்தல் உலக மொழிகள் பலவற்றிலும் காணப்படும் வழக்காகும். பெண்டிரையும் இயற்கையையும் இணைத்துக் காணும் அந்நோக்கு பன்னாட்டுச் சட்டத்தில் எவ்வாறு இடம்பெற்றது என்பதும், பெண்ணிய அறிஞர் அதனை எங்ஙனம் மதிப்பிட்டனர் என்பதும் ஈண்டு ஆராயப்பெறும்.

1972 சூன் திங்களில் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு, மனிதச் சூழல் பற்றி 26 கோட்பாடுகளை அறிவித்தது. அவற்றின் ஆங்கில வடிவம் உரிமைக்குரியோரை ஆண்மகனையும் குறிக்கும் சொல்லாலேயே சுட்டிற்று. தமிழில் ‘மனிதன்’ என்பது ஆண்பால் விகுதி பெற்றது; ‘மாந்தர்’ என்பதோ இருபாலார்க்கும் பொது. இவ்வேறுபாடு ஆங்குக் கருதப்படவில்லை. பெண்டிர்க்கெனத் தனிக்கோட்பாடும் அவற்றுள் இல்லை.

இருபது ஆண்டுகளில் நிலை மாறிற்று. 1991 நவம்பரில் மயாமி நகரில் 83 நாடுகளைச் சார்ந்த ஏறத்தாழ 1500 பெண்டிர் கூடித் தம் கோரிக்கைகளைத் தொகுத்தனர். 1992-இல் வெளிவந்த ரியோ அறிக்கை, முதற்கோட்பாட்டில் இருபாற் பொதுச்சொல்லை ஆண்டது. அதன் 20-ஆம் கோட்பாடு, சூழலைப் பேணுவதிலும் வளர்ச்சியிலும் பெண்டிர்க்கு இன்றியமையாப் பங்குண்டு என்றது.

இப்‘பங்கு’ எத்தகையது? தமிழில் அச்சொல் சொத்தில் பெறும் கூறினையும் குறிக்கும், ஒருவர் ஆற்றும் பணியையும் குறிக்கும். ரியோ அறிக்கை குறித்தது பணியையே. காட்டையும் நீரையும் காக்கும் கடமை பெண்டிர்மேல் அமைந்தது. நிலத்தில் அவர்க்குரிய கூறு யாது என அக்கோட்பாடு உரைக்கவில்லை. ஆயின், 1979-இல் நிறைவேறிய பெண்டிர்க்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் உடன்படிக்கை, தன் 14-ஆம் பிரிவில், நிலச்சீர்திருத்தத்தில் நாட்டுப்புறப் பெண்டிர் சமமாக நடத்தப்பெற வேண்டும் என முன்னரே விதித்திருந்தது. உரிமை ஓர் ஆவணத்திலும் கடமை மற்றோர் ஆவணத்திலுமாகப் பிரிந்து நின்றன.

இப்பிரிவின் வேர் பெண்ணியச் சிந்தனையுள்ளும் உண்டு. வந்தனா சிவா 1988-இல் வெளியிட்ட நூலில் இயற்கையைப் பெண்மைத் தத்துவமாகக் கண்டு, நவீன வளர்ச்சித் திட்டங்கள் இரண்டையும் ஒருங்கே சிதைத்தன என்றார். பீனா அகர்வால் 1992-இல் இதனை மறுத்தார். இயற்கையோடு பெண்டிர்க்குள்ள தொடர்பை வேலைப் பிரிவினையும் உடைமைப் பகிர்வும் வகுப்பு, சாதி வேறுபாடுகளுமே உருவாக்குகின்றன என்பது அவர் கொள்கை. விறகும் நீரும் தேடி நெடுந்தொலைவு நடப்பவள், காடழியுங்கால் முதலில் துன்புறுகிறாள். அத்துன்பத்திற்குக் காரணம் அவளது பிறவியியல்பு அன்று. அவள் செய்யும் வேலையும் அவளுக்கு நிலமின்மையுமே ஆகும். சட்டத்தின் நோக்கிற் காணின் அகர்வாலின் விளக்கமே வலிவுடையது. இயல்பைப் போற்றலாம், உடைமையையே பகிர்ந்தளிக்க இயலும்.

பிந்தைய வரலாறும் இதற்குச் சான்றாகும். 1979-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் குழு 2018-இல் வழங்கிய 37-ஆம் பொதுப் பரிந்துரை, தட்பவெப்ப மாற்றத்தைப் பெண்டிர் உரிமையோடு இணைத்தது. 2024 ஏப்ரல் 9-ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் முதிய பெண்டிர் சங்கம் தொடுத்த வழக்கில், அந்நாட்டரசு தட்பவெப்ப மாற்றத்திற்கெதிராகப் போதிய நடவடிக்கை எடாமையால் உரிமை மீறப்பட்டது என ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனித்து வழக்கிட்ட நான்கு பெண்டிரின் முறையீடுகளை ஏலாத நீதிமன்றம், சங்கத்தின் வழக்கை ஏற்றமையும் நோக்கத்தக்கது. இயற்கையின் காவலராகப் போற்றப்பெற்றோர் ஆங்கு உரிமை வேண்டும் வழக்காளராக நின்றனர். ‘பங்கு’ என்னும் சொல் தன் மற்றைப் பொருளையும் பெறத் தொடங்கிற்று எனலாம்.