பாம்புக் குழலும் பழகிய செவியும்

மேலை இசைக்குழுக்களில் மிகத் தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பித்தளைக் கருவி தூபா. அதன் முன்னோருள் பழமையானது 'செர்ப்பெண்ட்' எனப்படும் பாம்புக் குழலாகும். அது மரத்தாற் செய்து தோல் போர்த்தப் பெற்றது. ஆயினும், கிண்ணம் போன்ற ஊதுவாயில் உதட்டை அதிரச் செய்து ஊதுவதால், பித்தளைக் கருவிகளின் இனத்திலேயே வைத்து எண்ணப்படுகிறது. 1590-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு ஓசேர் நகரப் பாதிரியார் எத்மே கியோம் இதனை உருவாக்கினார் என்பது வழிவழி வரும் செய்தி. தேவாலயத்திற் பாடுவோர் குரலுக்குத் துணை நிற்பதே இதன் முதற்பணி.

ஏறத்தாழ எட்டடி நீளமுள்ள குழலைப் பாம்புபோல் வளைத்ததால் ஆறு துளைகளும் கைக்கு எட்டின. ஆனால், அவை ஒலியின் இயல்பு வேண்டும் இடத்தில் அமையாமல், விரல் எட்டும் இடத்தில் அமைந்தன, அளவிலும் சிறியன. ஆகவே விரல் மட்டும் சுரத்தை உறுதி செய்யாது. உதடு சற்று இறுகினால் சுரம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். வேறு கருவியில் தேர்ந்தவரும் இதனை எடுத்தவுடன் தடுமாறுவது இதனாலேயே. ஊதுமுன் சுரத்தை மனத்துள் பாடிப் பார்த்து, அதற்கேற்ப உதட்டை அமைப்பவருக்கே இக்கருவி அடங்கும். பழகாதார் எழுப்பிய ஓசையின் பழியோ கருவியின்மேல் விழுந்தது. பிரெஞ்சு இசைமேதை பெர்லியோசும் தம் நூலில் இதன் ஒலியைக் கடிந்துரைத்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டார் இக்குறையைக் கருவியிலேயே நீக்க முயன்றனர். 1817-இல் பாரிசில் அலாரி என்பார் 'ஒஃபிக்கிளைட்' என்னும் பித்தளைக் கருவியை அமைத்தார். 'சாவியுள்ள பாம்பு' என்பது இக்கிரேக்கப் பெயரின் பொருள். பெரிய துளைகளை உரிய இடத்தில் இட்டு, விரலுக்கு எட்டாத அவற்றைச் சாவிகளால் மூடித் திறக்கச் செய்தார். 1835-இல் பெர்லினில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் இருவரும் ஐந்து வால்வுகளுடைய தூபாவுக்குக் காப்புரிமை பெற்றனர். வால்வை அழுத்தினால் காற்று கூடுதற் குழாய் வழியே செல்லும். குழலின் நீளம் கூடிச் சுரம் தாழும்.

இத்துடன் உதட்டின் வேலை முடிந்ததா? இல்லை. குழலின் நீளம் 100 பங்கு எனக் கொள்வோம். ஓர் அரைச்சுரம் தாழ்த்த ஏறத்தாழ 6 பங்கும், மூன்று அரைச்சுரம் தாழ்த்த 19 பங்கும் கூட்டவேண்டும். இவ்விரு வால்வுகளையும் சேர்த்தழுத்தினால் கிடைப்பது 25 பங்கு; நான்கு அரைச்சுரத்திற்கு வேண்டுவதோ 26. அக்குறையால் சுரம் சற்றே உயர்ந்து நிற்கும். அதனை அறிந்து திருத்த வேண்டியவை செவியும் உதடுமே.

பாம்புக் குழல் முழுவதும் செவியை நம்பியது; தூபா சிறிதளவே நம்புகிறது. எனினும், சுரத்தைச் செவியில் ஏற்றிய பின்னரே கருவியைக் கையில் தரவேண்டும் என்னும் பாடம் இரண்டிற்கும் பொதுவாகும்.