ஒவ்வொரு திட்டமும் ஓர் ஓட்டையை அடைக்க வந்தது

மன்றம் தொடங்குமுன் வாசலில் ஒரு பாட்டி என்னிடம், "மெடிசேவ், மெடிஷீல்டு, எல்டர்ஷீல்டு, எல்லாம் ஒண்ணுதானே தம்பி?" என்று கேட்டார். ஒன்றல்ல பாட்டி. ஒன்றில் விட்டுப்போன ஓட்டையை அடைக்கத்தான் அடுத்தது வந்தது. அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1984ல் சிங்கப்பூரில் மெடிசேவ் வந்தது. மத்திய சேம நிதியில் ஒரு பகுதியை மருத்துவச் செலவுக்கென ஒதுக்கிவைக்கும் கணக்கு அது. அது சேமிப்பே தவிர காப்புறுதி அன்று. குறைந்த சம்பளக்காரர் கணக்கில் குறைந்த பணமே சேரும். ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டவர்களும் வீட்டைக் கவனித்துக்கொண்ட பெண்களும் பிள்ளைகளின் கணக்கைத்தான் நம்பியிருந்தார்கள்.

பெரிய மருத்துவமனைக் கட்டணங்களுக்காக 1990ல் மெடிஷீல்டு காப்புறுதி வந்தது. ஆனால் அதற்கு வயது வரம்பு இருந்தது. முன்பே இருந்த கடும் நோய்களுக்கு இடமில்லை. செலவு அதிகமாகும் வயதில் கதவு மூடிக்கொண்டது! எந்த வழியிலும் கட்ட முடியாதவர்களுக்காக 1993ல் 20 கோடி வெள்ளி மூலதனத்துடன் மெடிஃபண்ட் நிதி தொடங்கப்பட்டது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு யார் பார்த்துக்கொள்வது? அதற்குத்தான் 2002ல் எல்டர்ஷீல்டு வந்தது. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை செல்வது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைத் தானே செய்ய முடியாதவருக்கு மாதம் 300 வெள்ளி, ஐந்தாண்டுகளுக்கு. 2007ல் அது 400 வெள்ளி, ஆறாண்டுகள் என்றானது. 40 வயதானவர்கள் தானாகச் சேர்க்கப்பட்டார்கள். வேண்டாதவர்கள் விலகலாம்.

எங்கள் வீட்டுக்கும் அந்தக் கடிதம் வந்தது. பள்ளிச் சிறுவனான நான்தான் படித்துச் சொன்னேன், எனக்கே பாதி புரியாமல். "பணம் பிடிப்பார்களாம், வேண்டாம் என்றால் கையெழுத்துப் போடலாமாம்" என்றேன். அப்பா கையெழுத்துப் போட்டார். ஏழாண்டு கழித்து அவருக்குப் பக்கவாதம். அம்மா வேலையை விட்டுவிட்டு நான்கு ஆண்டு பார்த்துக்கொண்டார். அந்தச் சில நூறு வெள்ளி எங்களுக்கு எவ்வளவோ உதவியிருக்கும்.

விருப்பத்துக்கு விடும் திட்டத்தின் பலவீனம் இதுதான். யாருக்கு அதிகம் தேவையோ அவரே முதலில் நழுவிவிடுகிறார். 2013 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் மெடிஷீல்டு லைஃப் திட்டத்தை அறிவித்தார். 2015 நவம்பர் 1ல் அது நடப்புக்கு வந்தது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும், நோய் இருந்தாலும், ஆயுள் முழுதும் காப்புறுதி. கடும் நோய் உள்ளவர்கள் பத்தாண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா கட்டவேண்டும். முன்னோடித் தலைமுறையினருக்குச் சந்தாவில் 40 முதல் 60 விழுக்காடுவரை கழிவு கிடைத்தது.

2020ல் வந்த கேர்ஷீல்டு லைஃப், உடற்குறை நீடிக்கும்வரை மாதாமாதம் பணம் தருகிறது. 2020ல் தொடக்கத் தொகை 600 வெள்ளியாக இருந்தது. 1980லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு அது கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர்களும், கடும் உடற்குறை இல்லையென்றால், சேரும் வாய்ப்பு 2021 நவம்பரில் திறந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறுகிறது. கட்டணத்தின் முதல் பகுதியை நாமேதான் ஏற்க வேண்டும். உதவித்தொகை பெறும் பி2, சி வகுப்பு வார்டுகளை மனத்தில் வைத்து வகுத்த திட்டம் இது. தனியார் மருத்துவமனைக்குப் போனால் ஒரு சிறு பகுதிக்கே கைகொடுக்கும்.

ஆகவே நேயர்களே, இந்த வார இறுதியில் பெற்றோரின் அலமாரியில் கிடக்கும் கடிதங்களை எடுங்கள். எது மருத்துவமனைக்கு, எது பராமரிப்புக்கு, சந்தா யார் மெடிசேவிலிருந்து போகிறது என்று தமிழிலேயே சொல்லுங்கள். போன மாதம் அம்மாவுக்கு நான் வரிவரியாகப் படித்துச் சொன்னேன். இம்முறை எனக்கும் முழுதாகப் புரிந்தது.