நாகவல்லியின் மொழி

ஃபாசில் இயக்கிய மணிச்சித்திரத்தாழு (1993) படத்தில், மனம் பிறழும் கங்கையின் நாவில் எழுவது தமிழ். தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தறவாட்டில் கொல்லப்பட்ட ஆடல்மகள் நாகவல்லியின் மொழி அது. கன்னட ஆப்தமித்ராவிலும் (2004) தமிழ்ச் சந்திரமுகியிலும் (2005) அவள் தெலுங்குக்காரி; இந்திப் பூல் புலையாவில் (2007) வங்காளி. கதை எம்மொழிக்குப் பெயர்ந்தாலும் பேய் அயல்மொழிக்காரியே. ஆடவும் அஞ்சவும் அவள் வேண்டும், வீட்டுப் பெண்ணாக வேண்டாம். திருவனந்தபுரத்துக்கு இவ்வயன்மை சற்று விந்தையானது: படப்பிடிப்புத் தளங்களுள் ஒன்றான பத்மநாபபுரம் அரண்மனை, திருவிதாங்கூரின் பழைய தலைநகர், 1956 முதல் தமிழ்நாட்டு எல்லைக்குள், ஆனால் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பது. நாகவல்லிக்குத் தமிழில் குரல் தந்தவர் துர்கா. இருபதாண்டுகளுக்கும் மேலாக அக்குரலும், கங்கைக்குப் பேசிய பாக்கியலட்சுமியுடையதென்றே கருதப்பட்டது.