இருட்டறை முயலும் மதுரைக் குகை வவ்வாலும்

கண்ணழுத்தம் ஒரே நாளில் ஏறி இறங்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1905இல் ஷியோட்ஸ் அழுத்தமானி வந்தபின் அதை எண்ணால் குறிக்க முடிந்தது. ஆனால் காரணம் விளங்கவில்லை. ஒளி கண்ணில் நேரடியாக விளைவிக்கும் மாற்றமா அது, அன்றி உடலுக்குள் இயங்கும் கடிகாரத்தின் வேலையா?

இத்தகைய ஐயத்தைத் தீர்க்கும் முறை பழையது. 1729இல் பிரெஞ்சு அறிஞர் த மெரான் தொட்டாற்சிணுங்கியை இருட்டில் வைத்தார். இலைகள் அங்கும் தம் நேரப்படியே விரிந்து குவிந்தன. 1981இல் ரோலண்டும் அவருடைய குழுவினரும் முயல்களிடம் இதே கேள்வியைக் கேட்டனர். பன்னிரண்டு மணி ஒளி, பன்னிரண்டு மணி இருள் என வளர்ந்த முயல்களுக்கு இருளில் கண்ணழுத்தம் உயர்ந்தது. தொடர் இருளிலும் அச்சுழற்சி நீடித்தது. ஆகவே ஒளி கடிகாரத்தைத் திருத்துகிறது, ஓட்டுவது உடலே. கண்ணுக்குச் செல்லும் பரிவு நரம்பைத் துண்டித்தபோது இரவு ஏற்றம் குன்றியதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

தமிழகத்தில் இத்துறைக்கு வேரூன்றியவர் எம்.கே. சந்திரசேகரன். ஜெர்மனியில் பியூனிங்கிடம் பயின்ற அவர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வவ்வால்களை ஆராய்ந்தார். ஒளி புகாத குகையில் அடைபட்ட இலைமூக்கு வவ்வால்கள், சுதந்திரமாகப் பறக்கும் இனத்தாரின் அந்திப் புறப்பாட்டை ஒட்டியே இயங்கின. தனிக்குகையில் வைத்தவற்றின் கடிகாரமோ 24 மணி நேரத்திலிருந்து விலகி ஓடியது. மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோருடன் 1978இல் அவர் வெளியிட்ட இம்முடிவு, இனத்தாரின் நடமாட்டமும் ஒளியைப் போலக் கடிகாரத்தைத் திருத்தவல்லது எனக் காட்டியது.

முயலின் முடிவை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது. முயலுக்கு இரவில் கண்ணீர்மச் சுரப்பு மிகும். மனிதருக்கோ ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆயினும் படுத்த நிலையில் மனிதருக்கும் இரவில் அழுத்தம் உயர்கிறது. எனவே தாராவியிலோ செம்பூரிலோ பகலில் நடக்கும் கண் முகாமில் ஒரு முறை எடுக்கும் அளவு இயல்பாக இருக்கலாம். உச்சம் நள்ளிரவில் மறைந்திருக்கலாம். கண்ணழுத்த நோய் பறிக்கும் பார்வை மீளாது என்பதால், அளவோடு அளந்த நேரத்தையும் குறித்து வைப்பது ஆய்வுக்கூடத்திற்கும் முகாமுக்கும் பொதுவான ஒழுக்கம்.