கோட்டையைக் காத்த சேறு



யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் படையை மறித்து நின்றது மதிலா, சேறா என வினவின், இரண்டுமே என்பேன். ஆயினும் மூத்தது சேறே. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேற்குக் கரையில் வரி தண்டிய யாழ்ப்பாண அரசின் அலுவலரை எதிர்க்கத் துணிந்த அழகக்கோனார், அரண் அமைப்பதற்கு மலையைத் தேடிச் செல்லவில்லை. கொழும்புக்குத் தென்கிழக்கே, தியவன்னா ஓயாவின் சதுப்பு மூன்று புறமும் சூழ்ந்து கிடந்த ஒரு மேட்டையே தெரிந்தெடுத்தார். நிலவழி தெற்கே மாத்திரம் இருந்தது. அங்கே அகழியும் மதிலும் எழுந்தன. அதுவே பின்னர் ஆறாம் பராக்கிரமபாகுவின் தலைநகராய் விளங்கிய கோட்டை. துறைமுகத்தை அடுத்துள்ள கொழும்புக் கோட்டையோடு நேயர்கள் இதனை மயங்கல் வேண்டா. செண்பகப்பெருமாள் 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றப் புறப்பட்டதும் இந்த அரசிலிருந்தே. சீதாவாக்கைப் படையின் கடும் முற்றுகையைத் தாங்கிய பின்னர், 1565இல் போர்த்துக்கேயர் அந்நகரைக் கைவிட்டுக் கொழும்புக்குப் பெயர்ந்தனர்.

நகர் அழிந்தது, சேறு அழியவில்லை. பகைவரைத் தடுக்கும் தொழில் போனபின்னும் அதற்கு மற்றொரு தொழில் எஞ்சியது. மழை பொழியும்போது களனி கங்கை பெருகி நிற்குமாயின், தாழ்நிலத்து நீர் ஆற்றுக்குள் இறங்க இயலாது. ஆறு தணியும்வரை அந்நீர் எங்கேனும் காத்திருத்தல் வேண்டும். அது காத்திருந்த இடமே சதுப்பும் அதனை ஒட்டிய வயலும். புல்லும் நாணலும் அதன் வேகத்தைத் தணிக்க, மண் கீழே படிய, நீர் மெல்ல மெல்ல வாய்க்காலை அடைந்தது.

1968இல் கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கெனச் சட்டத்தால் ஒரு சபை நிறுவப்பட்டது. மீட்டல் என்னும் சொல்லைத் தமிழாசிரியனாகிய நான் சற்றே நின்று நோக்குவதுண்டு. இழந்ததைத் திரும்பப் பெறுதல் அன்றோ மீட்டல்? அந்நிலத்தை நாம் யாரிடம் இழந்திருந்தோம்? 1982இல் தியவன்னாச் சதுப்பைத் தோண்டி வாவியாக்கி, அதன் நடுவே புதிய பாராளுமன்றம் திறக்கப்பட்டது. சுற்றிலும் குடியிருப்புகள் பெருகின. 2010 நவம்பரில் பெய்த பெருமழையில், அப்பாராளுமன்ற வளாகத்துள்ளேயே வெள்ளம் புகுந்தது. 2016 மே மாதத்திலோ கொலன்னாவை, வெல்லம்பிட்டி மக்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

2010ஆம் ஆண்டு வெள்ளத்தில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அதனை மறைப்பது முறையன்று. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், நகர்ப்புறத்தே ஒரு வாய்க்காலோரம் வீடு கட்டினேன். வளவு தாழ்ந்தது என்று மேஸ்திரி சொல்ல, லொறி லொறியாகக் கிறவல் கொட்டி உயர்த்தினேன். அத்திவார வேலை ஐப்பசி மழையில் நடந்தது. கரையோரத்துப் புல்லை முற்றாகச் செதுக்கியிருந்தோம். குவித்த மண்ணுக்கு ஒரு தடுப்பும் இல்லை. ஒரே கிழமையில் அதிற் பெரும்பகுதி கரைந்து வாய்க்காலுட் சென்றது. அதன்மேல், எல்லை மதிலையும் நீர் புகாவண்ணம் இறுகக் கட்டினேன். நான் உயர்ந்தேன், ஆகவே அயல்வீடு தாழ்ந்தது. அந்த நவம்பர் இரவில் அயல்வீட்டு மூதாட்டியின் அடுக்களையில் முழங்காலளவு நீர். விடிந்ததும் அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. "மாஸ்டர், முன்னர் இந்தத் தண்ணீர் உங்கள் வளவில் நின்றுதான் போகும்" என்று மாத்திரம் சொன்னார்.

அத்திவாரத்தைக் கோடையில் வெட்டியிருக்கலாம். மண் குவியலை வாய்க்காலுக்கு எட்ட வைத்து மூடியிருக்கலாம். கரையில் சில முழம் புல்லை விட்டிருக்கலாம். வளவை நிரப்பாது வீட்டைத் தூண்மேல் நிறுத்தியிருக்கலாம். நம் பழைய நெற்களஞ்சியங்கள் அவ்வாறு நின்றனவே! இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு அன்று. அப்போது ஒருவரும் கேட்கவில்லை, நானும் எண்ணவில்லை.

நாடும் காலந்தாழ்த்தியே எண்ணியது. சதுப்பை நிரப்பவென எழுந்த அந்த நிறுவனமே பிற்காலத்தில் சதுப்புநிலப் பூங்கா அமைத்துப் பேணும் பணியையும் ஏற்றது. 2018இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதல் ஏற்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. பெருமைதான். அவ்வாண்டிற்கு முன்னும் பின்னும் லொறிகள் ஓய்ந்திருந்தன என்று சொல்ல என் நா எழவில்லை.

வெள்ளம் வடிந்த மாதமே மதிலின் அடிவரிசைக் கற்களைப் பெயர்த்து ஐந்து வழிகள் திறந்தேன். கிறவலை அகற்ற இயலவில்லை; அதன்மேல் வீடு நிற்கிறது. மழை வலுக்கும் இரவுகளில் இன்றும் விளக்கோடு எழுந்து, அவ்வழிகளில் நீர் ஓடுகின்றதா என்று பார்த்து வருகின்றேன்.