தலையெழுத்தா, முந்திரியா? மாரடைப்பின் மரபணு வரலாறு

1/
அப்பரின் சூலை நோய் தீர்ந்த திருவதிகை, பக்கத்துல பண்ருட்டி, நெய்வேலி. இந்த வட்டாரத்துல 45 வயசுக்காரருக்கு மாரடைப்பு வந்தா, "முந்திரியும் பிரியாணியும் தின்னே கெட்டாரு"ன்னு தீர்ப்பு சொல்லிடுவோம். ஒல்லியான, பீடி சிகரெட் தொடாதவருக்கு வந்தா? "தலையெழுத்து."

அந்தத் தலையெழுத்துல ஒரு பகுதியை இப்போ படிக்க முடியும். எப்படின்னு பார்ப்போம்.

2/
ஆங்கிலேயர் காலத்தில் தென்னாற்காடு, தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்களில் இருந்து ஏராளமானோர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஒரே ஊரில் வாழ்ந்தார்கள். அதனால் நோய்களை இனவாரியாக ஒப்பிட முடிந்தது.

3/
1959-ல் டாக்டர் டி.ஜே. தனராஜும் அவரது குழுவினரும் அங்கு நடந்த 9,000-க்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதய ரத்தக்குழாய் அடைப்பு நோய், சீனர்களைவிட இந்தியர்களிடம் சுமார் 7 மடங்கு அதிகம்!

ஒரே ஊர், ஒரே காற்று. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? சாப்பாடா? ரத்தத்திலேயே ஏதாவது இருக்கா?

4/
1963-ல் நார்வேயைச் சேர்ந்த காரே பெர்க் ரத்தத்தில் ஒரு புதுக் கொழுப்புத் துகளைக் கண்டுபிடித்தார். பெயர் லைப்போபுரோட்டீன் ஏ.

கெட்ட கொழுப்புன்னு சொல்ற எல்.டி.எல். துகள்மேல கூடுதலா ஒரு புரதம் வால் மாதிரி ஒட்டியிருக்கும். அவ்வளவுதான். ஆனா அது அதிகமா இருந்தா ரத்தக்குழாய்ல படிவு சேர்வது வேகமாகும்.

5/
1987-ல் இந்தப் புரதத்துக்கான மரபணு படிக்கப்பட்டது. அதில் ஒரே பகுதி திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறைங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். குறைவான முறை வந்தா புரதம் சின்னதாகும். கல்லீரல் அதை அதிகமா தயாரிச்சு ரத்தத்தில் விடும். டயட், நடைப்பயிற்சியால் இந்த அளவு பெரிசா மாறாது.

6/
1996-ல் மறுபடியும் சிங்கப்பூர். பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இதை அளந்தார்கள். இந்தியக் குழந்தைகளிடம் அதிகம்.

யோசிங்க. அந்தக் குழந்தை ஒரு வாய் பிரியாணி சாப்பிட்டதில்லை.

7/
அப்போ எல்லாம் விதியா? இல்லவே இல்லை. 2004-ல் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களைப் பார்த்தது. புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தொப்பை போன்ற மாற்றக்கூடிய 9 காரணங்களே பெரும்பாலான மாரடைப்புகளுக்குப் பின்னால் இருந்தன. தெற்காசியர்களுக்கு அவை சின்ன வயசிலேயே வந்துவிடுகின்றன.

மரபணு விறகு மாதிரி. தீ வைக்கிறது நாமதான்.

8/
என்ன செய்யணும்?

✅ வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் லைப்போபுரோட்டீன் ஏ தெரியாது. தனியா கேட்கணும். வாழ்நாளில் ஒருமுறை போதும்.
✅ 50 மி.கி.க்கு மேல் இருந்தா எல்.டி.எல்., பி.பி., சர்க்கரை மூணையும் கண்டிப்பா கட்டுப்பாட்டில் வைக்கணும்.
✅ அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அதிகம்னா பிள்ளைகளுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கு 45-ல் மாரடைப்புன்னா தம்பி, தங்கச்சியும் பரிசோதிச்சுக்கணும்.

9/
முந்திரிக்கு ஒரு நீதி சொல்லிடறேன்: அதில் கொலஸ்ட்ரால் கிடையவே கிடையாது. உப்பு, எண்ணெய் இல்லாம ஒரு கைப்பிடி தாராளமா சாப்பிடலாம்.

உங்க வீட்டில் 55 வயசுக்குள் யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கா? இன்னைக்கே கேட்டு எழுதி வைங்க. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது முதல்ல அதைச் சொல்லுங்க.