சமையலறையில் நுரைத்த சரித்திரம்

வீட்டில் பீர் காய்ச்சுவது அமெரிக்காவில் ஒருகாலத்தில் குற்றம் என்றால் நம்ப முடிகிறதா, நண்பர்களே? 1920-இல் மதுவிலக்கு வந்ததும் மளிகைக்கடைகளில் மால்ட் சாறு டின் டின்னாக விற்றது. ரொட்டி சுடவாம்! யாரு நம்புவாங்க? ஈஸ்ட் அடங்குமுன் மூடிய பாட்டில்கள் நடுராத்திரியில் வெடிக்கும். 1933-இல் விலக்கு நீங்கியது. வீட்டு ஒயினுக்கு வழி விட்டார்கள், பீரை விட்டுட்டாங்க! "ஹாப்ஸ் எவ்வளவு போட்டே, இப்படிக் கசக்குதே?" என்று நாலு பேர் கூடிச் சுவைத்தால், காய்ச்சியவர் குற்றவாளி.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அணுப் பொறியியல் படித்த சார்லி பபாசியான் மாணவப் பருவத்திலேயே இதில் கைதேர்ந்தவர் (படிப்பு ஒன்று, பிழைப்பு ஒன்று, நம்ம ஆளுங்க மாதிரியே). 1978-இல் வீட்டுக்காய்ச்சுவோர் சங்கம் கண்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் சட்டத்தில் கையெழுத்திட்டார்: பெரியவர் இருவருள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், விற்கக்கூடாது. அலபாமாவும் மிசிசிப்பியும் மட்டும் 2013 வரை இழுத்தடித்தன.